மீனம்பாக்கத்துக்கு யாரெல்லாம் போனார்கள்?

எங்க பேட்டையில (சிந்தாதிரிப்பேட்டையைச் சொல்றேன், மெட்ராஸ்ல பேட்டைக்கா பஞ்சம்) வயசான யாரைக் கேட்டாலும் ஏர்போர்ட்டுக்கு இன்னமும் மீனம்பாக்கம்தான் பேரு. 1985-லேயே பயணிகள் முனையம் திரிசூலம் பக்கமா நகர்ந்தாச்சு. உள்நாட்டுக்குக் காமராஜர், பன்னாட்டுக்கு அண்ணான்னு பேரும் வெச்சாச்சு. ஆனாலும் "மீனம்பாக்கம் போகணும், எவ்ளோ?"ன்னுதான் ஆட்டோக்காரர்கிட்ட பேரம் ஆரம்பிக்கும். பழைய கட்டடம் சரக்கு முனையமா மாறிப்போனதெல்லாம் நம்ம மக்களுக்குத் தேவையில்லாத தகவல்.

இந்த விமான நிலையத்தைப் பத்தி எழுதுறவங்க எல்லாம் ஓடுபாதை எத்தனை அடி, கட்டடம் எத்தனை கோடின்னுதான் எழுதுறாங்க. எனக்கு வேற ஒரு சந்தேகம். எந்தக் காலத்துல யாரெல்லாம் அந்த வாசலுக்குள்ள போனாங்க, யாரெல்லாம் வெளியில நின்னாங்க? ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கிற வாரமா பார்த்து தோண்டிப் பார்த்தேன். கொசுவர்த்தியைக் கொஞ்சம் பலமாவே சுத்தணும், பொறுத்துக்குங்க.

முதல் சுத்து 1730-களுக்கு. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேணும். கூவம் வளைஞ்சு ஓடுற இடத்துல இருந்த ஒரு தோட்டத்தை எடுத்து, கவர்னர் மார்ட்டன் பிட் காலத்துல நெசவாளர்களைக் குடிவெச்சு ஒரு கிராமம் அமைச்சாங்க. சின்னத் தறிப்பேட்டை, அதுதான் வாயில உருண்டு சிந்தாதிரிப்பேட்டை ஆச்சுன்னு சொல்வாங்க. அதாவது எங்க ஏரியாவே ஏற்றுமதிக்காகக் கட்டினது. இங்க நெஞ்ச துணி கப்பலேறிப் போச்சு. நெஞ்சவன் போகலை. இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

அடுத்த சுத்து 1910. எங்க பேட்டையிலிருந்து நடந்தே போயிடற தூரத்துல மவுண்ட் ரோட்டுல சிம்சன் கம்பெனி. குதிரை வண்டி கட்டிக்கிட்டிருந்தவங்க. அதே மவுண்ட் ரோட்டுல ஹோட்டல் நடத்திக்கிட்டிருந்தவர் டி ஆஞ்செலிஸ், கார்சிகா தீவுக்காரர். 1909 ஜூலையில பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த சேதி உலகம் பூரா பரவுது. நம்ம ஹோட்டல்காரருக்கும் ஆசை வந்துடுச்சு. சிம்சன் பட்டறையில ஒரு விமானத்தைச் செய்ய வெச்சு, 1910 மார்ச்ல பல்லாவரத்துல பறந்து பார்த்திருக்கார். அப்புறம் தீவுத்திடல்ல ஜனங்க முன்னாடி காட்சி. ரைட் சகோதரர்கள் பறந்து முழுசா ஏழு வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள நம்மூர்ல குதிரை வண்டிப் பட்டறையில ஒரு விமானம்! இந்தியாவோட ஆரம்பகாலப் பறத்தல்கள்ல ஒண்ணு இது. அலகாபாத்துல தபாலோட விமானம் பறந்ததே 1911 பிப்ரவரியிலதான். அதுக்குக் கிடைச்ச விளம்பரத்துல பத்துல ஒரு பங்குகூட பல்லாவரத்துக்குக் கிடைக்கலை. நாம எப்பவுமே மார்க்கெட்டிங்ல வீக்கு.

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா ஒரு குட்டி விமானத்துல தபால் மூட்டையோட கிளம்பி, அகமதாபாத் வழியா பம்பாய் வர்றார். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. பாதிப்பேர் கதையை அங்கேயே முடிச்சிடறாங்க. பம்பாயிலிருந்து அந்தத் தபாலை வாங்கிக்கிட்டு பெல்லாரி வழியா மெட்ராஸுக்கு ஓட்டிட்டு வந்தவர் நெவில் வின்சென்ட். அந்தச் சேவைக்குக் கடைசி நிறுத்தம் நம்ம ஊர்தான். வாரத்துக்கு ஒரு தடவை. விமானத்துக்கு முக்கியமான பயணி தபால் மூட்டை. மனுஷன் ஏறணும்னா மூட்டைக்கு மிச்சம் இருக்கிற இடத்துல ஒடுங்கி உட்காரணும். சேர் காருக்கும் செகண்ட் கிளாஸுக்கும் சண்டை போடுற நமக்கு இது புரியறது கஷ்டம்.

மீனம்பாக்கத்துல முறையான பயணிகள் முனையம் கட்டினது 1954-ல. அப்ப அங்க போனவங்க யாரு? அமைச்சர்கள், கம்பெனி துரைமார்கள், சினிமாக்காரங்க. எங்க பேட்டை ஆளுங்க போனது வழியனுப்ப, இல்லேன்னா வேடிக்கை பார்க்க. பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் 1931-லேயே மின்சார ரயில் வந்தாச்சு. பார்க் ஸ்டேஷன்ல ஏறி மீனம்பாக்கத்துல இறங்கினா ஏர்போர்ட். பறக்கறதுக்கு வசதி இருந்ததோ இல்லையோ, போய்ப் பார்க்கறதுக்கு ரயில் இருந்தது. மேல நின்னு விமானத்துக்குக் கையாட்டிட்டு வருவோம்னு என் பெரியப்பா சொல்லுவார். "உள்ள யாருடா நமக்கு சொந்தம்? சும்மா ஆட்டுவோம், அவனும் சும்மா ஆட்டுவான்."

அப்ப சாதாரண ஜனங்க வெளிநாடே போகலையான்னா, போனாங்க. கப்பல்ல. இந்தப் பகுதியை நான் கொஞ்சம் நீட்டி எழுதப்போறேன், ஏன்னா ஏர்போர்ட் வரலாறு எழுதுறவங்க இதைத் தொடறதே இல்லை.

ராஜூலான்னு ஒரு கப்பல். 1926-ல ஓட ஆரம்பிச்சது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர். அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைய அதே வழித்தடத்துல போய்வந்துக்கிட்டே இருந்திருக்கு. தோட்டத்துக் கூலிங்க, கடைச் சிப்பந்திங்க, சின்ன வியாபாரிங்க எல்லாரும் மேல்தளத்துல பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டே ஒரு வாரம் மாதிரி பயணம். பெட்டி படுக்கை, ஊறுகாய் ஜாடி, அம்மிக்கல்லு, எல்லாம் ஏத்தலாம். எடை போடற கவுண்டரும் கிடையாது, கூடுதல் கிலோவுக்குத் தனிக் காசும் கிடையாது. ராஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம், 1972-லிருந்து. 1985 பிப்ரவரி 12-ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸ் வந்துக்கிட்டிருந்தப்ப சிதம்பரத்துல தீப்பிடிச்சுது. ஏறக்குறைய 40 பேர் செத்துப்போனாங்க. அதோட மெட்ராஸ்–சிங்கப்பூர் பயணிகள் கப்பல் கதை முடிஞ்சது.

தேதியைக் கவனிங்க. திரிசூலத்துல புது முனையம் திறந்ததும் அதே 1985. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனா பாய் விரிச்சுப் போன கூட்டத்துக்கு அதுக்கப்புறம் ஒரே ஒரு வாசல்தான். பாரிமுனைப் பக்கம் போய்க்கிட்டிருந்தவங்க ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் திரும்பினாங்க.

அதுக்கு ஆறு மாசம் முன்னாடி நடந்ததையும் சொல்லியாகணும். 1984 ஆகஸ்ட் 2, ராத்திரி 11 மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. கொழும்பு விமானத்துக்குன்னு பதிவான ரெண்டு பெட்டிங்க மீனம்பாக்கம் பழைய முனையத்துல வெடிச்சுது. பெட்டிக்குச் சொந்தக்காரன் விமானத்துல ஏறவே இல்லை. கொழும்பு விமான நிலையத்துல வெடிக்கறதுக்காக வெச்சது, ஏறாத ஆளோட பெட்டின்னு ஏத்தாம நிறுத்திட்டாங்க, அதனால இங்கேயே வெடிச்சுது. போன்ல எச்சரிக்கை வந்தும் பெட்டியை அப்புறப்படுத்தறதுக்குள்ள நேரம் போயிடுச்சு. 33 பேர் இறந்தாங்க. அதுல பல பேர் இலங்கைக்காரங்க, அடுத்த விமானத்துக்குக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தவங்க. அரசியல் பேச நான் இந்த இடத்தை எடுத்துக்கலை. ராத்திரி நேரம் பெட்டியைக் காலுக்குள்ள இடுக்கிக்கிட்டு நாற்காலியில தூங்கறவங்களை இப்பவும் எல்லா ஏர்போர்ட்லயும் பார்க்கிறோம். செத்தவங்க அவங்க மாதிரி ஆளுங்க.

ஏறாத பயணியோட பெட்டி ஏறக்கூடாதுங்கிற விதி உலகம் பூரா இறுகினது 1985 ஏர் இந்தியா கனிஷ்கா, 1988 லாக்கர்பி ரெண்டுக்கும் பிறகுதான். மெட்ராஸ்ல நடந்தது அந்தப் பட்டியல்ல யாருக்கும் ஞாபகம் வர்றதில்லை. நம்ம ஊர்ல அது எப்படி வந்துச்சுன்னா, பெட்டியைக் கவுண்டர்ல போட்ட பிறகும், விமானம் ஏறறதுக்கு முன்னாடி வெயில்ல வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்க. "இது என்னோடது"ன்னு தொட்டுக் காட்டினாத்தான் உள்ள ஏத்துவாங்க. உள்நாட்டு விமானத்துல போன அப்பாவோட நண்பர்கள் எல்லாரும் இந்தக் கதையைச் சொல்லிட்டாங்க. ஒரே மாதிரி நீலக்கலர் விஐபி சூட்கேஸ் நாலு இருக்குமாம், நாலு பேரும் ஒண்ணையே தொடுவாங்களாம்.

இப்ப பெரியப்பா கதைக்கு வர்றேன். (தொட்டதுக்கெல்லாம் பெரியப்பாவைக் கூட்டிட்டு வர்றான்னு நினைக்காதீங்க, எங்க வீட்ல இருந்து அந்த வாசலுக்குள்ள முதல்ல போனவர் அவர்தான்.)

ஈ.சி.ஆர்.னா மெட்ராஸ்காரனுக்கு என்ன ஞாபகம் வரும்? மகாபலிபுரம், சவுக்குத் தோப்பு, வார இறுதி. பெரியப்பாவுக்கு அது பாஸ்போர்ட்ல அடிக்கிற முத்திரை. 1983-ல ஒரு குடிபெயர்வுச் சட்டம் வந்தது. படிப்பு குறைவானவங்க வளைகுடா மாதிரி சில நாடுகளுக்கு வேலைக்குப் போகணும்னா, குடிபெயர்வோர் பாதுகாவலர்னு ஒரு அதிகாரிகிட்ட அனுமதி வாங்கணும். இப்ப அந்தப் பட்டியல்ல 18 நாடுகள். வளைகுடா நாடுகள் அத்தனையும் உண்டு, மலேசியா உண்டு. அமெரிக்கா கிடையாது, சிங்கப்பூர் கிடையாது. பத்தாவது தேறியிருந்தா இந்த வம்பே இல்லை. வருமான வரி கட்டினாலும் இல்லை. பெரியப்பா எட்டாவதோட பட்டறைக்குப் போனவர்.

சட்டத்தோட நோக்கம் நல்லதுதான். ஏஜெண்டுங்க ஏமாத்தி, பாலைவனத்துல கொண்டுபோய் விட்டுடக்கூடாது, சம்பள ஒப்பந்தம் ஒழுங்கா இருக்கணும். ஒத்துக்கறேன். ஆனா பாதுகாப்பு எந்த இடத்துல வந்து நிக்குது பாருங்க. ஏமாத்தற ஏஜெண்ட் வரிசையில நிக்கறதில்லை. வரிசையில நிக்கறது பெரியப்பா. 1993-ல வட்டிக்கு வாங்கி, பெரியம்மாவோட வளையலை வெச்சு, ஏஜெண்டுக்குக் கட்டி, முத்திரை வாங்கி, கடைசியில கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கிட்டே இருந்த அந்த அஞ்சு நிமிஷம்தான் வாழ்க்கையிலேயே நீளமான அஞ்சு நிமிஷம்னு சொல்லுவார். "திருப்பி அனுப்பிட்டா நான் வீட்டுக்கு வர்றதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்டா. வெளியில எல்லாரும் நிக்கிறாங்க. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றது?"

வெளியில நின்னது எத்தனை பேர் தெரியுமா? ஒரு மெடடோர் வேன் நிறைய. ஆதிகேசவப் பெருமாள் கோயில்ல அர்ச்சனை பண்ணின தேங்காய் மூடி, புளிசாதம், அழற பாட்டி, எதுக்கு அழறாங்கன்னு புரியாத குழந்தைங்க. பார்வையாளர் டிக்கெட் வாங்கினா உள்ள கொஞ்ச தூரம் போகலாம். வேன்ல வந்த எல்லாருக்கும் வாங்கினா விமான டிக்கெட் விலை ஆயிடும்னு ரெண்டு பேருக்கு மட்டும் வாங்கினாங்களாம். சுதந்திர தினம், குடியரசு தினம் நெருங்கினா அந்த டிக்கெட்டும் கிடையாது.

நான் முதல் தடவை ஆன்சைட் போனேன். பொறியியல் பட்டம், ஈ.சி.ஆர். முத்திரை இல்லாத பாஸ்போர்ட், கம்பெனி போட்ட டிக்கெட். குடியேற்ற அதிகாரி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கலை, ஒரே குத்து, முடிஞ்சுது. பக்கத்து வரிசையில ஒரு முப்பது பேர். ஒரே மாதிரி பிளாஸ்டிக் கவர்ல காகிதங்க, கையில பேனா, படிவத்தைப் பூர்த்தி பண்ண யாராவது கிடைப்பாங்களான்னு தேடற கண்ணு. "தம்பி, இத்தக் கொஞ்சம் எழுதிக் குடு"ன்னு ஒருத்தர் நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். அவர் பின்னாடி ரெண்டு பேர், அதுக்குப் பின்னாடி நாலு பேர். மொத்தம் ஏழு படிவம் எழுதினேன். அதுல ஒருத்தருக்கு என்னைவிட ரெண்டு வயசு கம்மி.

2018 ஜனவரியில மத்திய அரசு ஒரு யோசனை சொன்னது ஞாபகம் இருக்கா? ஈ.சி.ஆர். ஆளுங்களுக்கு மட்டும் ஆரஞ்சு கலர் பாஸ்போர்ட். முத்திரை உள்ளே இருந்தது போதாதுன்னு அட்டையிலேயே. கேரளத்துல பெரிய சத்தம் கிளம்புச்சு, மாசக் கடைசிக்குள்ள வாபஸ். நம்ம ஊர்ல அவ்வளவா சத்தம் வரலை. ஆரஞ்சு அட்டையோட பெரியப்பா அந்தக் கண்ணாடிக்கு முன்னாடி நிக்கிறதை நினைச்சுப் பார்த்தேன். தூரத்துல வரும்போதே கூப்பிடற தொனி மாறியிருக்கும்.

சரி, சோகத்தை விட்டு குருவிக்கு வருவோம். விஜய் படம் இல்லீங்க. (அந்தப் படம் 2008. தலைப்புக்குக் காரணமே இந்தத் தொழில்தான்.) சிங்கப்பூருக்குப் போய் ரெண்டே நாள்ல திரும்பி, பெட்டி நிறைய சாமான் கொண்டாந்து, பர்மா பஜார்லயும் ரிச்சி தெருவுலயும் இறக்கிட்டு, அடுத்த வாரம் மறுபடி பறக்கிற ஆளுக்குக் குருவின்னு பேரு. ரிச்சி தெரு எங்க வீட்டுக்கு எதிர்த்த சந்து மாதிரி. நான் முதல் ராம் குச்சி வாங்கினதே அங்கதான். அந்தத் தெருவோட முந்தின தலைமுறைச் சரக்குல பாதி, திரிசூலத்துல பச்சை வழியா வரலாமா சிவப்பு வழியா வரலாமான்னு தவிச்சு வந்த சரக்குன்னு அங்க கடை வெச்சிருக்கிற பெரியவங்க சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. டூ இன் ஒன், விசிஆர், ஜப்பான் புடவை, கோடாலித் தைலம்.

இந்தத் தொழிலை போலீஸ் ஒழிக்கலை, வரிதான் ஒழிச்சுது. 1997-ல இந்தியா தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்துல சேர்ந்தது. 2005-க்குள்ள கணினி பாகங்களுக்கு இறக்குமதித் தீர்வை பூஜ்யம். கன்டெய்னர்லயே அந்த விலைக்கு வரும்போது குருவி எதுக்கு? தங்கத்துலயும் அதே கதைதான், ஆனா உல்ட்டா. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1990-ல எடுத்தாங்க, 1992-ல வெளிநாட்டில இருந்து வர்றவங்க தீர்வை கட்டி 5 கிலோ வரைக்கும் கொண்டுவரலாம்னாங்க, கடத்தல் படுத்துடுச்சு. 2012 தொடக்கத்துல 2 சதவீதமா இருந்த தீர்வையை 2013 ஆகஸ்டுக்குள்ள 10 ஆக்கினாங்க. மறுபடி சென்னை ஏர்போர்ட்ல உடம்புக்குள்ள, செருப்புக்குள்ள, மிக்ஸிக்குள்ளன்னு தினம் ஒரு சேதி. 2022-ல 15 ஆச்சு, 2024 ஜூலையில 6-க்கு இறங்குச்சு. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் அந்தச் சுங்கக் கூடத்துல எத்தனை பெட்டியைத் திறக்கச் சொல்றாங்கங்கிறது மாறும். பிடிபடறவன் பெரும்பாலும் டிக்கெட் காசுக்கும் கொஞ்சம் கமிஷனுக்கும் பறந்தவன். முதலாளி பேர் பேப்பர்ல வர்றது ரொம்ப அபூர்வம்.

2013 ஜனவரியில புது முனையம், மேற்கூரையும் கண்ணாடியும் விழுந்த கதை, "இது எத்தனையாவது முறை"ன்னு பத்திரிகைங்க எண்ணிக்கையோட சேதி போட்டது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். 2015 டிசம்பர் 1 ராத்திரி ஓடுபாதையில அடையாறு ஏறினதும் தெரியும். ரெண்டாவது ஓடுபாதையை அடையாறு மேலேயே பாலம் கட்டி நீட்டியிருக்காங்க. ஆறு அதை மறக்கலை. நாலஞ்சு நாள் ஏர்போர்ட் மூடியிருந்து, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து ஜனங்களை அனுப்பினாங்க. 2023 ஏப்ரல்ல 1,260 கோடி ரூபாய்ல இன்னொரு முனையம் வந்துச்சு, கோலம், கோபுரம்னு தமிழ்நாட்டு வேலைப்பாட்டோட. நல்லாத்தான் இருக்கு, குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு நிஜமா பிடிச்ச மாற்றம் வேற. 2016 செப்டம்பர்ல மெட்ரோ ரயில் விமான நிலையம் வரைக்கும் ஓட ஆரம்பிச்சது, 2019 பிப்ரவரியில எங்க பக்கம் அரசினர் தோட்டம் ஸ்டேஷன் திறந்துச்சு. பெட்டியை உருட்டிக்கிட்டே நடந்து போய் ஏறினா நேரா ஏர்போர்ட், வண்டி மாறத் தேவையில்லை. வேன் நிறைய வழியனுப்பப் போற பழக்கம் இதனாலயே பாதி செத்துடுச்சு. இப்ப வழியனுப்பறதுன்னா ஸ்டேஷன் படிக்கட்டு வரைக்கும்தான். பெரியப்பா மட்டும் இன்னமும் கேட்கமாட்டார், கூடவே வந்து முனையத்து வாசல் கண்ணாடியில மூக்கை வெச்சுக்கிட்டு நிப்பார்.

அடுத்த ஏர்போர்ட் பரந்தூர்ல. 2022 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க. 13 கிராமம், 5,000 ஏக்கருக்கு மேல. மெட்ராஸ்ல இருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். மீனம்பாக்கத்துல ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு, மத்த பக்கம் ஜி.எஸ்.டி. ரோடும் வீடுகளும். இதுக்கு மேல நீட்ட இடமில்லைங்கிறது உண்மைதான். ஏகனாபுரத்து ஜனங்க அறிவிப்பு வந்த நாள்லேர்ந்து போராடிக்கிட்டிருக்காங்க, கிராமசபையில தீர்மானம் மேல தீர்மானம் போட்டாங்க. அவங்க கேட்கிறது ஏரியும் வயலும் வீடும். அந்த வாசலுக்குள்ள போறவங்க கணக்கையே பார்த்துக்கிட்டிருந்த நான், வாசல் போடறதுக்காக வெளியே போகவேண்டியவங்க கணக்கையும் சேர்க்கணும்னு இப்பத்தான் ஒரு தனி நோட்டு போட்டிருக்கேன். அதை விவரமா இன்னொரு நாள் எழுதறேன்.

உங்க வீட்டுல ராஜூலாவுலயோ சிதம்பரத்துலயோ போனவங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க. அம்மிக்கல்லுக்கு உண்மையிலேயே காசு வாங்கலையான்னு ஒரு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கணும்.